நாக்கை எழுப்பும் பொருள்கள்

முப்பத்தொரு வருடம் நான் மத்திய அரசின் நீதிபதியாக இருந்தேன். அதில் படித்தது இரண்டே வாரம்தான். அந்த இரண்டு வாரப் படிப்பால் ஒரு பெண்ணின் தொழில் போயிற்று.

நான் நீதிபதியானதில் பெரிய கதை ஒன்றுமில்லை. இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், டிராக்டர் கவிழ்ந்த வழக்கும் விவாகரத்து வழக்கும் நடத்திக்கொண்டிருந்தவன் நான். எங்கள் செனட்டரின் தேர்தலுக்கு நாலு மாதம் கார் ஓட்டினேன். அவர் ஜெயித்தார், எனக்குக் கறுப்பு அங்கி வந்தது. எங்கள் நாட்டில் அதற்குத் தகுதி என்று பெயர்.

ஏகபோகத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பது எனக்கு அங்கி போட்ட பிறகுதான் உறைத்தது. பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை அநியாயமாக நசுக்கினால் சின்னவன் கோர்ட்டுக்கு வரலாம் என்று நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒருவன் வந்து நின்றால் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருந்த ஒரு டிசம்பரில் கடிதம் வந்தது. சட்டமும் பொருளாதாரமும் பயிலகம் என்ற அமைப்பு நீதிபதிகளுக்காக இரண்டு வார முகாம் நடத்துகிறதாம். புளோரிடாவில், கடலைப் பார்த்த ஓட்டலில், ஜனவரி மாதம். விமானச் சீட்டு, அறை, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மனைவியும் வரலாம்.

எங்கள் வாசலில் அப்போது முழங்கால் அளவுக்குப் பனி. என் மனைவி லோயிஸ் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"உங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க அவங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?" என்றாள். கேட்டுவிட்டு நீச்சலுடை வாங்கக் கடைக்குப் போனாள்.

முகாமின் தலைவர் பேராசிரியர் ஆல்டன் ராத்பர்ன். ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். அவர் எழுதிய ஒரே புத்தகம் ஏகபோகச் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டிருந்தது. அதற்கு முன்னால் இருந்த நீதிபதிகள், அந்தச் சட்டம் சின்ன வியாபாரியைக் காப்பாற்ற வந்தது என்று வெகுளியாக நம்பியிருந்தார்களாம். பொருளின் விலை குறைந்ததா என்ற ஒரே கேள்விக்குத்தான் சட்டத்தில் இடம் உண்டு, வியாபாரி செத்தானா பிழைத்தானா என்பதற்கு இல்லை என்று ராத்பர்ன் நிரூபித்துவிட்டார். கடைக்குப் போய்ப் பொருள் வாங்கிப் பதினேழு வருடம் ஆகிறது என்று அவரே சொன்னார். போனால் கவனம் சிதறுகிறதாம்.

முதல் நாள் மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்தார்கள். முகாமில் யார் 'நியாயம்' என்ற சொல்லை உச்சரித்தாலும் அதில் கால் டாலர் காசு போட வேண்டும். அந்தச் சொல்லுக்கு அளவுகோல் இல்லை என்றும், அளக்க முடியாததைப் படித்தவன் வாயில் எடுக்கக் கூடாது என்றும் ராத்பர்ன் விளக்கினார். டென்னசியிலிருந்து வந்திருந்த கிழ நீதிபதி ஹார்லன் பிக்ஸ்பி, "அது நியாயம்தானே" என்று தலையாட்டிவிட்டு முதல் காசைப் போட்டார். மத்தியானத்துக்குள் அவர் பையில் சில்லறை தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் முதல் எங்களில் யாரும் காசு போடவில்லை. இருபத்தாறு நீதிபதிகளை இவ்வளவு சீக்கிரம் யாரும் திருத்தியதில்லை என்று ஓட்டல் மேலாளரே வியந்தார்.

இரவு விருந்தில் ஆளுக்கு ஒரு முழுச் சிங்கி இறால் வைத்தார்கள். நாங்கள் ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது ராத்பர்ன் எழுந்து நின்று தன் தத்துவத்தின் முதல் விதியைச் சொன்னார்.

"உலகத்துல சும்மா கிடைக்கிற சாப்பாடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் தானா வந்துடும்."

பிக்ஸ்பி வாயைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் இந்த இறாலுக்கு யார் காசு கொடுத்தது என்று கேட்டார். ஓர் அறக்கட்டளை என்றார் ராத்பர்ன். அறக்கட்டளைக்கு யார் கொடுக்கிறார்கள் என்று பிக்ஸ்பி விடவில்லை.

"அதை நாங்க வேணும்னேதான் தெரிஞ்சுக்கிறதில்லை, நீதிபதி அவர்களே. தெரிஞ்சுக்கிட்டா எங்க நடுநிலைமை கெட்டுப்போயிடுமே" என்றார் அவர். எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

தினமும் காலையில் கரும்பலகையில் இரண்டு கோடு போடுவார். ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு முக்கோணத்தை அடைத்துக் காட்டி, நாட்டின் நலன் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது என்பார். ஒரு நாள் நான் கையைத் தூக்கி, சின்னக் கடைக்காரர் அதில் எந்த மூலையில் இருக்கிறார் என்று கேட்டேன். கேலிக்கு இல்லை, தெரியாமல்தான் கேட்டேன். அந்த முக்கோணத்துக்குள் மனிதர் யாருமே இல்லை, அதனால்தான் அது அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றார் ராத்பர்ன். அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் 'சந்தையின் எல்லை' என்று ஒரு பாடம் இருந்தது. பிக்ஸ்பி ஒரு படகு பேசி வைத்திருந்தார். பாடத்தின் முதல் கால் மணி நேரம் மட்டும் உட்கார்ந்துவிட்டு இருவரும் பின்வாசல் வழியாக மீன் பிடிக்கப் போய்விட்டோம். என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: விலை நூற்றுக்கு ஐந்து ஏறினால் வாங்குகிறவர் என்ன செய்வார்? அதற்குக் கீழே விடை இல்லை. ஒரு மீன் படமும் அதன் எடையும் இருக்கின்றன.

இரண்டு வாரம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் கோர்ட் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன்.

அடுத்த மே மாதமே வெர்னா ஹெல்ம்காம்பின் வழக்கு வந்தது.

எங்கள் ஆற்றங்கரைக் கருமண்ணில் குதிரைமுள்ளங்கி விளைகிற மாதிரி நாட்டில் வேறெங்கும் விளையாது. வெள்ளை வேர். துருவினால் கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகும். வினிகரில் போட்டுச் சீசாவில் அடைத்து மாட்டிறைச்சியோடு தொட்டுக்கொள்வோம். ஈஸ்டர் விருந்துக்கு அது இல்லாவிட்டால் விருந்தே இல்லை. வெர்னா தன் புருஷன் செத்த பிறகு, பதினொரு பெண்களை வைத்துக்கொண்டு துருவிச் சீசாவில் அடைத்து எழுபது கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். மற்றதெல்லாம் சிவப்பு மூடிக் கம்பெனியின் சரக்கு. அந்தக் கம்பெனிக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் எங்கள் பக்கத்தில் சீசாவின் மூடியை வைத்துத்தான் அதைச் சொல்வோம்.

பெரிய கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சீசாவை எந்தத் தட்டில் வைப்பது என்று யோசிக்கக் கடைக்காரருக்கு நேரமில்லை. அதனால் அந்தப் பொருளை அதிகமாக விற்கும் கம்பெனியிடமே அலமாரியை ஒப்படைத்துவிடுவார். அந்தக் கம்பெனிக்கு 'ஷெல்ஃப் கேப்டன்' என்று பெயர். பாலுக்குப் பூனை காவல். கேப்டனான முதல் வருடம் சிவப்பு மூடி வெர்னாவின் சீசாக்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கியது. இரண்டாம் வருடம் குளிர்பெட்டியிலிருந்தே எடுத்துத் துடைப்பங்களுக்குப் பக்கத்தில் வைத்தது. மூன்றாம் வருடம் அவை நாய் பிஸ்கட்டோடு போய்ச் சேர்ந்தன. குளிர் இல்லாவிட்டால் குதிரைமுள்ளங்கியின் காரம் பத்து நாளில் செத்துவிடும். வெர்னாவின் சரக்கு சப்பென்று இருக்கிறது என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். அவள் கோர்ட்டுக்கு வந்தாள்.

ஜூரி வேண்டாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால் நானே விசாரித்தேன். கம்பெனியின் நிபுணராக டாக்டர் கிரகாம் ஃபென்விக் வந்தார். ராத்பர்னிடம் படித்தவர். என் பின்னால் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குதிரைமுள்ளங்கிச் சந்தையில் பத்துச் சீசாவில் ஒன்பது சிவப்பு மூடி என்று வெர்னாவின் வக்கீல் நிரூபித்திருந்தார். குதிரைமுள்ளங்கிச் சந்தை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்றார் ஃபென்விக். உண்மையான சந்தை 'நாக்கை எழுப்பும் பொருள்கள்' அனைத்தும் சேர்ந்தது. கடுகு, மிளகு, ஊறுகாய், இஞ்சி, தக்காளிச் சாறு, காப்பி எல்லாம் அதில் அடக்கம். ஜாக்கிரதைக்காகப் பற்பசையையும் சேர்த்திருந்தார். அந்தக் கணக்கில் சிவப்பு மூடியின் பங்கு நூற்றுக்கு அரைகூட இல்லை. பங்கு அவ்வளவு சிறிதாக இருந்தால் ஏகபோகம் என்ற பேச்சே எழாது.

மாட்டிறைச்சிக்குப் பற்பசையை யார் தொட்டுக்கொள்வார்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் தொட்டுக்க வேண்டியதில்லை, ஐயா. எல்லைக்கோட்டுல நிக்கிற ஒருத்தர் தொட்டுக்கிட்டா போதும்."

"அந்த ஒருத்தர் யாரு?"

"ஆள் இல்லைங்க ஐயா. அவர் ஒரு புள்ளி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சான்றிதழுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? புரிந்ததாக எழுதிக்கொண்டேன்.

பிறகு வெர்னா கூண்டில் ஏறினாள். அவளை மாதா கோவில் மீன் விருந்துகளில் பார்த்திருக்கிறேன். துருவித் துருவிக் கண்ணிமை எப்போதும் சிவந்திருக்கும் பெண். இரு தரப்பும் கேட்டு முடித்தபின், நானும் படித்தவன்தான் என்று ஃபென்விக்குக்குத் தெரியட்டும் என்பதற்காக, குறிப்பேட்டில் இருந்த அந்தக் கேள்வியைக் கேட்டேன். குதிரைமுள்ளங்கி எல்லாமே நூற்றுக்கு ஐந்து விலை ஏறினால் உன்னிடம் வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்?

"முணுமுணுப்பாங்க, ஜட்ஜய்யா. ஆனா வாங்குவாங்க. ஈஸ்டர் அன்னிக்குக் கடுகை அரைச்சு வச்சா எங்க மாமனார் சாப்பாட்டு மேசைய விட்டே எழுந்து போயிடுவார்."

கோர்ட்டே சிரித்தது. ஃபென்விக்கின் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. அதை நான் பார்த்தேன். பார்த்தும், பாவம், அவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பதில் யாருக்குச் சாதகம்? அதைச் சொல்லிக்கொடுத்த நேரத்தில் நான் படகில் இருந்தேன். பிக்ஸ்பிக்குப் போன் செய்து கேட்டேன். அவருக்கும் மீன்தான் ஞாபகம் இருந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் நானே ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். விலை ஏறியும் வாங்குகிறார்கள் என்றால் வாங்குகிறவர்களுக்குக் குறை ஏதும் இல்லை. குறை இல்லாத இடத்தில் குற்றம் இல்லை. நாற்பத்தாறு பக்கம் எழுதினேன், ராத்பர்னை முப்பத்தொரு இடத்தில் மேற்கோள் காட்டினேன். 'வாதி தன் வாயாலேயே தன் வழக்கை முடித்துக்கொண்டார்' என்று ஒரு வரியும் எழுதினேன். அந்த வரி அழகாக விழுந்திருப்பதாக அன்று எனக்கு ஒரே சந்தோஷம். வழக்கு தள்ளுபடி.

ராத்பர்ன் என் தீர்ப்பை ஒரு மைல்கல் என்று பாராட்டி ஒரு கட்டுரையே எழுதினார். அடுத்த ஜனவரி முகாமுக்கு ஆசிரியராக வரும்படி அழைத்தார். டிராக்டர் வழக்கு நடத்திய நான் நீதிபதிகளுக்கு வாத்தியார் ஆனேன்.

என் வகுப்பில் நியூ மெக்சிகோவிலிருந்து வந்த மாரிசோல் கின்டானா என்ற இளம் நீதிபதி முன்வரிசையில் இருந்தாள். சட்டம் படிப்பதற்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். என் தீர்ப்பின் இருபத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள்.

"சார், நேத்து இங்க சொல்லிக் குடுத்ததுக்கு இது நேர் எதிரா இருக்கே? விலை ஏறினா ஜனங்க கடுகுக்குப் போயிட்டா, ரெண்டும் ஒரே சந்தை. போகாம இதையே வாங்கினா இது தனிச் சந்தை. இந்தம்மா போகமாட்டாங்கன்னுதானே சொல்லியிருக்காங்க? அப்போ தனிச் சந்தையில பத்துக்கு ஒன்பது அந்தக் கம்பெனி கையில. இந்தப் பதிலால இந்தம்மா ஜெயிச்சிருக்கணுமே?"

ஃபென்விக்கின் முகம் ஏன் வெளுத்தது என்று அப்போதுதான் விளங்கிற்று. கோர்ட்டில் இருந்தவர்களில் அந்தப் பாடத்தைச் சரியாகச் சொன்னது அதைப் படிக்காத வெர்னா ஒருத்திதான்.

பின்னால் உட்கார்ந்திருந்த ராத்பர்ன் எழுந்து வந்தார். துளியும் பதறவில்லை.

"ரொம்ப நல்ல கேள்வி. வழியில ஒரு சின்னத் தடுமாற்றம் இருக்கு, அதை மறைக்க வேண்டாம். ஆனா நம்ம முறையோட பெருமையே அதுதானே? வழி தப்பினாலும் விடை சரியா வந்துடுச்சு பாருங்க."

"விடை சரின்னு எப்படி சார் தெரியும்?"

"கம்பெனி ஜெயிச்சிருக்கே, அம்மா. திறமை இல்லாதவங்க எப்படி ஜெயிக்க முடியும்?"

கின்டானா, இது நியாயமே இல்லை என்றாள். ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினார்கள். அவள் ஒரு டாலர் நோட்டைப் போட்டுவிட்டு, "இன்னும் மூணு தடவை சொல்லலாம் இல்ல?" என்றாள்.

அன்று சாயங்காலம் ராத்பர்ன் என்னைக் கடற்கரைக்கு நடக்க அழைத்தார். வெர்னாவின் அப்பீல் அப்போது மேல் கோர்ட்டில் நிலுவையில் இருந்தது. நான் தவறு செய்துவிட்டேன், வழக்கை என்னிடமே திருப்பி அனுப்புங்கள் என்று மேல் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேல் கோர்ட்டில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்றும், வாஷிங்டனில் சில பேர் தன் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்றும், உறுதியான மனிதர்களைத்தான் தேடுகிறார்கள் என்றும் சொன்னார். கடற்காற்று நன்றாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன்.

ஊருக்கு வந்து கடிதத்தை எழுதினேன். மேசை இழுப்பறையில் வைத்தேன். லோயிஸ் அதைப் பார்த்துவிட்டு, எப்போது தபாலில் போடப் போகிறீர்கள் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். பிப்ரவரியில் மறுபடி கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஏப்ரலில் மேல் கோர்ட் என் தீர்ப்பை உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் இருவர் முகாமில் தேறியவர்கள், மூன்றாமவர் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தவர். அவர்கள் ஆதாரமாகக் காட்டியது ராத்பர்னின் கட்டுரையை. கட்டுரை ஆதாரமாகக் காட்டியது என் தீர்ப்பை. என் தீர்ப்பு காட்டியது ராத்பர்னின் புத்தகத்தை. புத்தகத்தின் புதிய பதிப்பில் மேல் கோர்ட்டின் தீர்ப்பு ஆதாரமாக இடம் பெற்றது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கும் வேலிதான் சாட்சி.

அந்தக் காலி நாற்காலி ஃபென்விக்குக்குப் போயிற்று.

வெர்னா ஜூன் மாதம் துருவும் கொட்டகையைப் பூட்டினாள். சிவப்பு மூடியின் விலை அடுத்த வருடமே ஏறியது. முக்கோணத்தை வைத்துப் பார்த்தால் ஏறவில்லை என்று ஃபென்விக் ஒரு கட்டுரை எழுதினார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் மத்தியானம் வெர்னாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மணி சவாரிக்குக் கிளம்பும் முன் சமையலறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். கண் சிவப்பு போய்விட்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"கோர்ட்ல நீங்க சொன்ன பதில் சரி, வெர்னா. அந்தப் பதில்லயே நீங்க ஜெயிச்சுட்டீங்க. நான்தான் தலைகீழா எழுதிட்டேன்."

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"ஜனவரியில."

"அப்பீல் முடிஞ்சது ஏப்ரல்ல" என்றாள். நான் ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"கொட்டகைய மூடினதுகூட ஆறிப்போச்சு, ஜட்ஜய்யா. அந்தப் பதினோரு பேரும் இன்னிக்கு வரைக்கும் என்ன நினைச்சுட்டிருக்காங்க தெரியுமா? வெர்னா வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருக்கலாம், கூண்டுல ஏறி உளறிக் கெடுத்துட்டான்னு. தீர்ப்புலயே அப்படித்தானே எழுதியிருக்கீங்க? என் மகனும் அதைத்தான் நம்புறான். நானே அதைத்தான் நம்பிட்டிருந்தேன். மாமனாரப் பத்தி எதுக்குடி சொன்னேன்னு எத்தனை நாள் என்னையே திட்டியிருக்கேன்."

எழுந்து போய், பஸ் வழித்தடம் அச்சடித்த ஒரு தாளின் பின்பக்கத்தையும் ஒரு பேனாவையும் என் முன்னால் வைத்தாள்.

"இப்போ சொன்னதை எழுதிக் குடுங்க. ஒரு வரி போதும். நான் உளறலைன்னு."

எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்ட கை. ஆளைச் சிறைக்கு அனுப்பும்போதுகூடத் தயங்கியதில்லை. கோர்ட் நடைவழியில் அந்த வாரம்தான் என் படத்தை மாட்டியிருந்தார்கள். அந்தத் தீர்ப்பை அப்போது நாற்பது சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருந்தார்கள். பேனாவை எடுத்தேன், வைத்தேன். இதை முறையாக டைப் அடித்து அனுப்புவதுதான் சரி என்றேன். நானே அதை நம்புவது போலச் சொன்னேன்.

"சரி" என்றாள் வெர்னா. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று பஸ் சாவியை எடுத்தாள்.

ஆறு வருடம் ஆகிறது. அனுப்பவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதைக் கதை என்று சொல்லி எழுதியிருக்கிறேன். வெர்னா ஹெல்ம்காம்ப் உளறவில்லை. அவள் பெயரை இத்தனை இடத்தில் எழுதிவிட்டேன். என் பெயரை எங்கும் போடவில்லை.